அடுத்த காம்பராவின் அலறல்

அடுத்த காம்பராவில் எல்லாமே ஒரு நொடி முன்னால் நடக்கிறது. அவர்களுடையது வேறு கொம்பனி டிஷ்.

நம் டீவியில் கதவு இன்னும் திறக்கவில்லை. அங்கே அலறிவிட்டார்கள்.

பழைய தோட்ட லயத்தில் நடுச்சுவர் ஓடு வரைக்கும் ஏறாது. மேலே திறப்பு. புகை, சண்டை, சீரியல் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும்.

ராட்சசனை (2018) நான் முதலில் கேட்டேன். பிறகுதான் பார்த்தேன். ஜிப்ரானின் அந்த மெட்டு சுவருக்கு மேலால் வந்தது. படமாகப் பார்த்தபோது அவ்வளவு பயம் இல்லை. முகம் தெரிந்துவிட்டால் பாதி போய்விடுகிறது.

*

தமிழ்ப் படத்தில் கொலைக்கு மலை வேண்டும்.

புதிய பறவை, 1964. ஊட்டி. மூடுபனி, 1980. பெண்ணைக் கடத்திக்கொண்டு போவது ஊட்டிக்கு.

பங்களா. மரப்படிக்கட்டு. பனி. காவல்காரக் கிழவன்.

தேயிலை தெரியும். கொழுந்து எடுக்கிற ஆள் தெரியமாட்டாள். தெரிந்தால், பிணத்தை முதலில் பார்ப்பதற்காக. கூடையைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடுவாள். அடுத்த காட்சியில் பொலிஸ் ஜீப். அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

பிணத்தைக் கண்டவளுக்கு அன்றைக்கு முழுப்பேரா, அரைப்பேரா? முழுநாள் சம்பளமா, பாதியா?

இதை எந்தப் படமும் சொன்னதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

*

அந்த நாள், 1954. பாட்டே இல்லை. எடுத்த எஸ். பாலசந்தர் வீணை வித்வான்.

தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம். சிவாஜி சாகிறார். அதுவரைக்கும் தமிழ்ப் படத்தில் கதாநாயகன் அப்படிச் செத்துத் தொடங்கியிருப்பானா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிறகு ஆளுக்கு ஒரு கதை. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, கட்டினவள். ஒவ்வொருவர் வாயிலும் சிவாஜி வேறு ஆள். நடிப்பும் மாறுகிறது. நடை கூட. இரண்டாம் முறை பார்க்கும்போது கொலையை விட்டுவிட்டு அந்த நடையை மட்டும் பார்க்கலாம்.

பின்னணி, 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரம். கொழும்பில் அதற்கு முந்திய வருஷம், ஏப்ரல் 5. ஈஸ்டர் ஞாயிறு.

ரஷோமோன் பார்த்து வந்த யோசனை என்பார்கள். இருக்கட்டும். பாண்டரிபாயின் முகத்தை எங்கிருந்தும் எடுத்துவர முடியாது.

முடிவைச் சொல்லமாட்டேன். எழுபது வருஷம் ஆனாலும் சொல்லக்கூடாது.

*

வேறு படங்களில், பிணத்தை டிக்கியில் வைத்துக்கொண்டு டூயட். இதை மன்னிக்க முடிவதில்லை.

*

ஹிட்ச்காக் த்ரூஃபோவிடம் சொன்ன கணக்கு. மேசைக்கு அடியில் குண்டு இருக்கிறது. பார்க்கிறவனுக்குத் தெரியாமல் வெடித்தால் அதிர்ச்சி, சில நொடிதான். குண்டு இருப்பதும் நேரமும் பார்க்கிறவனுக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் சும்மா பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சு முழுக்கத் தவிப்பு.

பாலசந்தரின் பொம்மை (1964) இந்தக் கணக்குத்தான். நடக்கிற பொம்மைக்குள் குண்டு. கை மாறி மாறிப் போகிறது. பிள்ளை கையில் வரும்போது நெஞ்சு அடைக்கிறது.

அதே படத்தில்தான் யேசுதாஸ் தமிழுக்கு வந்தார்.

*

கொழும்பிலிருந்து வருகிற பஸ்ஸில் படம் போடுவார்கள். பலாங்கொடையில் முதல் கொலை. பெலிஹுல்ஓயாவில் சந்தேகம். ஹல்துமுல்லையில் நான் இறங்க வேண்டும். பதுளைக்குப் போகிறவர்களுக்குத்தான் கொலைகாரன் யாரென்று தெரியும்.

இப்படிப் பாதியில் விட்ட சிங்களப் படங்கள் நிறைய. சிலவற்றின் பெயர் கூடத் தெரியாது. அவை இன்னும் எனக்குள் ஓடுகின்றன. முடிவு தெரிந்த படங்களை விட.

*

மூடுபனி எடுத்த பாலுமகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் குவாய் ஆற்றுப் பாலம் எடுத்துக்கொண்டிருந்தார். 'மழை' என்று லீன் சத்தம் போட்டார், மழை பெய்தது. அந்த நிமிஷம் பிடித்தது சினிமா என்று அவரே சொல்லியிருக்கிறார்.

படம் எடுத்த இடம் கித்துள்கலை. படம் வந்தது 1957.

சொன்னால் பெய்கிற மழை. சொன்னால் நிற்கிற மழை.

*

மீரியபெத்த எங்கள் பிரதேச செயலகப் பிரிவு. மண்சரிவு, 2014 அக்டோபர் 29. காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் எச்சரித்திருந்தது. 2011இல் மறுபடி.

சனம் அங்கேயே இருந்தது. கொழுந்து எடுத்தது. தேத்தண்ணி குடித்தது. கல்யாணம் பேசியது.

அதன் பிறகு அப்பாயி மழை இரவுப் படம் பார்ப்பதில்லை. "மாத்துப்பா" என்பாள். பேய் படம் பார்ப்பாள். மழைதான் ஆகாது.

*

கொலைகாரனுக்குச் சின்ன வயதுக் கதை வைப்பது. சிகப்பு ரோஜாக்களில் (1978) இருந்தே. மூடுபனியில் இருக்கிறது. ராட்சசனில் இருக்கிறது. முன்கதை தொடங்கினதும் பயம் இறங்கிவிடுகிறது. அப்போதுதான் எழுந்து போய் கேத்தலை அடுப்பில் வைப்பேன்.

ராட்சசன் பார்த்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். கொலைகாரன் பெயர் உடனே வருகிறது. செத்த பிள்ளைகளின் பெயர்? அம்முவை மட்டும் சொல்கிறார்கள். கதாநாயகனின் அக்கா மகள் என்பதால்.

மற்றப் பிள்ளைகள் யார்? அவர்கள் வீட்டில் அடுத்த நாள் என்ன நடந்தது?

*

போர் தொழில். சரத்பாபு இறந்தது 2023 மே 22. படம் வந்தது ஜூன் 9.

அந்த மென்மையான குரலை வைத்து என்ன செய்திருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். பார்க்க வேண்டும்.

*

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. விலங்கு தொடர் பார்த்தது அந்தக் காலத்தில். போனில் சார்ஜ் இருக்கிற அளவுக்கு ஒரு பகுதி.

விமலின் எஸ்.ஐ. களைத்துப்போன ஆள். மேலே திட்டு, கீழே திட்டு, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. கொலையை விட அந்த ஸ்டேஷன் மனதில் நிற்கிறது. மேசை, கடதாசி, ராத்திரி வேலை.

இருட்டில் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்தோம். தங்கச்சியும் நானும், ஆளுக்கொரு காதில் ஹெட்செட். அவளுக்கு வசனம் இடது காதில், எனக்கு வலது காதில். பாதிச் சத்தம் அவள் பக்கம் போயிருக்கும்.

*

இப்போதைய படங்களில் டவர் லொக்கேஷன் வைத்துப் பிடிக்கிறார்கள். பெரகலைக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்ததில் இல்லை. சீசீடீவி டவுனில் கடைக்குள்தான். இங்கே ஒருத்தன் காணாமல் போனால் கடைசியாக யார் கண்டது என்று ஆட்களைத்தான் கேட்க வேண்டும். அந்த நாள் படம் மாதிரி.

*

வதந்தி (2022). வெலோனி செத்துக் கிடக்கிறாள். முதலில் ஒரு நடிகை என்று நினைக்கிறார்கள். அங்கேயே தொடங்குகிறது. பிறகு ஊர் பேசுகிறது. பேசிப் பேசி ஆளுக்கொரு வெலோனி.

எஸ்.ஜே. சூர்யாவின் பொலிஸ்காரன் தூக்கம் கெட்டு அலைவது பிடித்தது. செத்த பெண்ணுக்காக ஒருவனாவது தூக்கம் கெட்டான்.

லயத்தில் இது நடந்தால் தொடர் எட்டுப் பகுதி தாங்காது. தண்ணி எடுக்கிற பீலிக்கரையில் விடியுமுன் பேசி முடித்துவிடுவார்கள்.

*

திரிஷ்யம், 2013. சிங்களத்தில் தர்மயுத்தய, 2017. ஜாக்சன் அன்தனி. இயக்கியது செய்யாறு ரவி. மலையாளக் கதை, தமிழ் இயக்குநர், சிங்களப் படம். மூன்று மொழியிலும் அப்பாமார் ஒரே மாதிரிப் பயப்படுகிறார்கள்.

மோகன்லாலை விட ஜாக்சன் அன்தனியிடம் களைப்பு அதிகம். எனக்கு அது பிடித்தது. இந்த நாட்டில் பொலிஸ் நிலைய வாசலில் நிற்கிற அப்பாவுக்கு அந்தக் களைப்பு இருக்கும்.

சிங்களத்திலேயே இன்னொன்று, தடயம, 1983. வசந்த ஒபேசேகர. நிஜக் கொலை வழக்கு ஒன்றை அடியாக வைத்தது. சுவர்ணா மல்லவாராச்சி. கடைசியில் ஒரு கார். இசை கூட வேண்டியதில்லை, எஞ்சின் சத்தம் போதும்.

கூட இருந்து பார்த்த சிங்கள நண்பன் வசனத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கார் வந்ததும் நிறுத்திவிட்டான்.

*

சுழல் (2022). மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குள் ஒரு பெண் காணாமல் போகிறாள். திருவிழா நாளுக்கு நாள் ஏற, கதையும் ஏறுகிறது. தமிழில் தொடர் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இதைக் காட்டுவேன். திருவிழா அலங்காரமாக நிற்கவில்லை. கதையின் முதுகெலும்பு அது.

இரண்டாம் பாகம் 2025இல் வந்தது. அஷ்டகாளி விழா. சிறைக்குள் நடப்பவை நன்று. முதலாவது அளவுக்கு இல்லை.

*

மாசியில் இங்கே காமன் கூத்து. காமன், ரதி. ரதி வேஷம் ஆண்தான் கட்டுவான். கடைசி ராத்திரி தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். எமன் கூட்டத்துக்குள் பாய்ந்து வரும்போது பிள்ளைகள் சிதறி ஓடும். சாயத்துக்குள் யாரென்று பெற்ற தாய்க்கே பிடிபடாது. விடியும் வரைக்கும் யாரும் வீட்டில் இல்லை. எல்லாக் காம்பராவும் திறந்து கிடக்கும். தப்புச் சத்தத்தில் எந்த அலறலும் கேட்காது.

காமனை எரித்தபிறகு ரதியின் ஒப்பாரி. கூட்டத்தில் பாதிப் பேர் உண்மையாகவே அழுவார்கள். யாருக்காக அழுகிறார்கள் என்று கேட்க முடியாது.

இதை எவரும் த்ரில்லராக எடுக்கவில்லை. எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளே எடுக்க வேண்டும்.

பங்களாவில் தொடங்கக்கூடாது. பிரட்டுக் களத்தில், காலையில், கணக்குப்பிள்ளை பேர் போடுகிற இடத்தில் தொடங்கட்டும். பிணத்தைக் காண்கிற பெண் கத்திவிட்டு ஓடக்கூடாது. அங்கேயே நிற்கட்டும். பொலிஸ் வந்ததும் முதலில் அவளிடம் கேட்கட்டும், அவள் தமிழில் பதில் சொல்லட்டும், அதை எழுதுகிறவன் என்ன எழுதிக்கொள்கிறான் என்று கெமரா அந்தப் புத்தகத்தைக் காட்டட்டும்.

அன்றைக்கு அவளுக்கு முழுப்பேர் போட வேண்டும்.