வேரில் அவிழும் ஏடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளியல் வரலாற்றை எழுதப் புகுவோர் புகையிலையை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணும், சுண்ணக்கற் பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகளும், ஆட்டெருவும் மாட்டெருவும், கமக்காரரின் அயராத உழைப்பும் ஒருங்கு சேர்ந்து விளைவித்த அப்பயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருவிதாங்கூர் வரை கடல் கடந்து சென்றது. யாழ்ப்பாணச் சுருட்டோ தென்னிலங்கைக் கடைகளிலும் பெயர் பெற்றிருந்தது. புகையிலை விற்ற காசிலே கிணறு கட்டி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் பல. இவையெல்லாம் அறிந்த செய்திகளே. ஆயின், உயிரியலின் ஆழமான வினாக்களுள் ஒன்று அதே தோட்டத்திலே ஆண்டுதோறும் எழுந்து நிற்கின்றது என்பது அத்துணை அறியப்பட்டதன்று.

மாரி மழை ஓய்ந்தபின் நடப்பட்ட புகையிலைக் கன்று வளர்ந்து, பூமொட்டுக் கட்டும் வேளையிற் கமக்காரர் அதன் நுனியை முறித்துவிடுவர். பின்னர் இலைக் கக்கங்களில் எழும் பக்கத்தளிர்களையும் ஒன்றுவிடாது களைவர். காரணம் வினவினால், இலை தடிக்கும், காரம் ஏறும் என்பர். பூவுக்கும் விதைக்கும் செல்லவேண்டிய ஊட்டம் இலைக்குச் செல்வதால் இலை தடிப்பது எளிதில் விளங்குகின்றது. காரம் ஏறுவதன் காரணமோ அவ்வளவு எளிதன்று. காரமென்று நாவுணர்வது பெரும்பாலும் நிக்கொட்டீன் என்னும் பொருள். இலையிலே நிறைந்திருக்கும் அப்பொருள் இலையில் ஆக்கப்படுவதன்று என்பதே வியப்புக்குரிய செய்தி.

இதனை ஐயந்திரிபறக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் டோசன். 1942இல் அவர் வெளியிட்ட ஒட்டுச் சோதனை மிக எளிமையானது. புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டினை ஒட்டினார். தக்காளி வேரின்மேல் புகையிலைத் தண்டினை ஒட்டினார். முன்னதிலே தக்காளி இலையில் நிக்கொட்டீன் சேர்ந்தது. பின்னதிலே புகையிலை இலை ஏறக்குறைய நிக்கொட்டீன் இன்றியே வளர்ந்தது. எனவே நிக்கொட்டீனை ஆக்கும் உலைக்களம் வேர். இலை அதனைச் சேமிக்கும் களஞ்சியம் மாத்திரமே. வேரில் ஆக்கப்பட்டது காழ்க்கலன்களின் வழியே நீரோடு ஏறி இலையை அடைகின்றது.

இங்கேதான் வினா எழுகின்றது. இலைக் கலத்தில் நிக்கொட்டீன் ஆக்கும் பரம்பரையலகுகள் இல்லையா? உள. புகையிலையின் உடற்கலங்களிலே 24 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. வேர்க்கலத்தின் கருவில் உள்ளவை யாவும் இலைக்கலத்தின் கருவிலும் உள. இக்கருத்தினை உறுதிப்படுத்திய சோதனைகள் பல புகையிலையைக் கொண்டே செய்யப்பட்டமை குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் தண்டின் உள்ளீட்டுக் கலங்களைக் குடுவையில் வளர்த்தனர். ஒட்சின் என்னும் ஓமோன் மிகுந்தபோது அக்கலங்களிலிருந்து வேர் முளைத்தது. கைனற்றின் மிகுந்தபோது தளிர் முளைத்தது. இரண்டும் ஒத்த அளவினவாய் இருந்தபோது உருவமற்ற திசுத்திரளே பெருகியது. இது 1957இல் வெளிவந்தது. 1965இல் வாசிலும் கில்டபிரான்றும் தனித்த ஒரு புகையிலைக் கலத்திலிருந்து முழுச் செடியையே வளர்த்துக் காட்டினர். ஆகவே ஒவ்வொரு கலமும் செடி முழுவதற்கும் உரிய ஏட்டினைத் தன்னகத்தே வைத்திருக்கின்றது. கலத்துக்குக் கலம் வேறுபடுவது ஏடன்று. அதிலே எந்தப் பகுதி படிக்கப்படுகின்றது என்பதே.

படிப்பினை ஆள்வது யாது? பற்றீரியாவைப் பொறுத்தவரை இதற்கு முதல் விடை தந்தோர் பிரான்சிய அறிஞர்களாகிய ஜேக்கப்பும் மொனோவும் ஆவர். பால்வெல்லம் கிடைக்காதபோது அதனைச் செரிக்கும் நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகளை ஓர் அடக்கிப் புரதம் மூடிவைக்கின்றது என்றும், பால்வெல்லம் வந்ததும் அது விலகுகின்றது என்றும் 1961இல் அவர்கள் விளக்கினர். ஆனால் செடிக்கும் மனிதனுக்கும் இவ்வளவு எளிய பூட்டுப் போதாது. புகையிலைக் கலமொன்றின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை முனைக்கு முனை வைத்து நீட்டினால் ஏறத்தாழ 3 மீற்றர் வரும். அவ்வளவும் கண்ணுக்குப் புலனாகாத கருவொன்றினுள் அடங்கவேண்டும். அதற்காக இழையானது கிசுத்தோன் என்னும் புரத உருளைகளிற் சுற்றப்பட்டு, மேலும் மேலும் மடிக்கப்பட்டிருக்கின்றது. பழைய ஏட்டுச்சுவடியை இதற்கு ஒப்பிடலாம். சட்டங்களுக்கிடையே ஏடுகள் இறுக்கிக் கயிற்றாற் கட்டப்பட்டுள்ளவரை, உள்ளே என்ன எழுதியிருப்பினும் பயனில்லை. கட்டவிழ்த்த பின்னரே படிப்பு. கிசுத்தோன்களில் இடப்படும் இரசாயனக் குறிகள் சில கட்டினை இறுக்குகின்றன; சில தளர்த்துகின்றன. டி.என்.ஏ. எழுத்துக்களின்மேல் ஏறும் மெதைற் குறிகள் பெரும்பாலும் அப்பகுதியைப் படிக்கவிடாது அடைக்கின்றன.

கட்டு அவிழ்ந்தாலும் படிப்பவர் வேண்டும். குறிப்பிட்ட எழுத்துத் தொடரை இனங்கண்டு அதன்மேற் சென்றமரும் புரதங்கள் உள. அவை அமர்ந்தபின்னரே ஆர்.என்.ஏ.ப் படி எடுக்கப்படுகின்றது. எடுத்த படியும் அப்படியே பயன்படுவதில்லை. அதிலே தேவையற்ற துண்டுகள் வெட்டி நீக்கப்பட்டு எஞ்சியவை ஒட்டப்படுகின்றன என்பது 1977இல் அறியப்பட்டது. வெட்டும் முறை மாறினால் ஒரே பரம்பரையலகிலிருந்து வெவ்வேறு புரதங்கள் கிடைக்கும். படி எவ்வளவு காலம் நிலைக்கும், அதிலிருந்து எவ்வளவு புரதம் ஆக்கப்படும், ஆக்கிய புரதம் எப்போது அழிக்கப்படும் என்பனவும் தனித்தனியே ஆளப்படுகின்றன. மனிதனிடம் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 மாத்திரமே. இத்துணைச் சிறு தொகையிலிருந்து கண்ணும் மூளையும் எலும்பும் அமைவது, அவற்றைப் படிக்கும் ஒழுங்கினாலேயாம்.

இனிப் புகையிலைத் தோட்டத்துக்கு மீளலாம். நுனி முறிக்கப்படுவது செடிக்கு ஒரு காயம். விலங்கோ பூச்சியோ கடித்ததற்கு ஒப்பானது. காயமுற்ற செடியில் ஜஸ்மோனிக் அமிலம் பெருகுகின்றது. மல்லிகை மணத்திலுள்ள பொருளொன்றின் நெருங்கிய உறவு இது. அதே வேளை நுனியிலிருந்து கீழிறங்கி நிக்கொட்டீன் ஆக்கத்தைத் தடுத்துவந்த ஒட்சினும் குறைகின்றது. வேர்க்கலங்களிலே அதுவரை ஜாஸ் என்னும் அடக்கிப் புரதங்கள், படிப்பைத் தொடக்கவல்ல மிக்-2 என்னும் புரதத்தைப் பற்றி நிறுத்தியிருந்தன. ஜஸ்மோனிக் அமிலத்தின் செய்தி வந்ததும் அடக்கிப் புரதங்களுக்கு அழிவுக் குறி இடப்படுகின்றது. கலத்தின் புரதமழிக்கும் பொறி அவற்றைச் சிதைத்துவிடுகின்றது. விடுபட்ட புரதம் தன் துணைவர்களோடு நிக்கொட்டீன் ஆக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகளை ஒருங்கே படிக்கத் தொடங்குவிக்கின்றது. இலைக்கலத்திலோ அத்துணைவர்கள் ஆக்கப்படாமையால் அதே ஏடு படிக்கப்படாமலே கிடக்கின்றது. பக்கத்தளிர்களை ஏன் களையவேண்டும் என்பதும் இப்போது விளங்கும். அவை வளரவிடப்பட்டால் தாமே புது நுனிகளாகி ஒட்சினைச் சுரந்து மீண்டும் தடைபோடும். கமக்காரரின் கைப்பழக்கம், பெயர் அறியாமலே, ஒரு பரம்பரையலகுத் தொகுதியைத் திறக்கும் செயலாய் இருந்து வந்துள்ளது.

இவ்விளக்கத்துக்குத் துணையாவது வேறொரு சான்று. கியூபாவின் சுருட்டுப் புகையிலையிலிருந்து பெறப்பட்ட, நிக்கொட்டீன் மிகக் குறைந்த செடிவகை உண்டு. அதிலே நொதியங்களின் பரம்பரையலகுகள் கெடவில்லை. நிக்-2 எனப்படும் இடத்தில், அவற்றைப் படிக்கச் செய்யும் துணைப்புரதங்களுக்குரிய அலகுகள் சிலவே அழிந்துபோயிருந்தன என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. சமையற்காரரும் பாத்திரங்களும் இருந்தும் அடுப்பு மூட்ட ஆளில்லாத வீடு போன்றது அச்செடி.

காரமேறிய இலை குடிலிலே புகையூட்டப்பட்டு, பக்குவப்பட்டு, வெற்றிலையோடும் சுருட்டாகவும் மனித வாயை அடைகின்றது. அங்கே கதையின் துயரமான பகுதி தொடங்குகின்றது. இலை பக்குவப்படும்போது நிக்கொட்டீனும் அதன் உறவுப் பொருள்களும் மாறி நைத்திரோசமீன்கள் என்னும் புற்றுநோய்ப் பொருள்கள் தோன்றுகின்றன. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. புகையிலையும் பாக்கும் வாய்க்கலங்களின் டி.என்.ஏ. எழுத்துக்களையே திரிக்கவல்லன. அதனோடு, எழுத்து மாறாமலே படிப்பு மாறுவதும் உண்டு. கலப்பிரிவுக்குத் தடைக்கல்லாய் அமைந்த பி-16 என்னும் பரம்பரையலகு வாய்ப்புற்றுநோய்க் கலங்கள் பலவற்றிலே மெதைற் குறிகளால் அடைக்கப்பட்டிருக்கக் காணப்பட்டுள்ளது. தடையைக் கூறும் ஏடு கட்டப்பட்டுவிட, கலம் கட்டின்றிப் பெருகுகின்றது. புகையிலை வேரிலே திறக்கப்பட்ட ஏடொன்று, அதனை மெல்லுபவரின் வாயிலே வேறோர் ஏட்டை மூடுவதற்கு வழிசெய்கின்றது.

ஆயினும் எழுத்துப் பிழைக்கும் கட்டுப் பிழைக்கும் வேறுபாடுண்டு. திரிந்த எழுத்து எளிதில் மீளாது. இறுகிய கட்டை அவிழ்க்கக்கூடும். மெதைற் குறிகளைக் குறைக்கும் அசசைற்றிடின் என்னும் மருந்து குருதியோடு தொடர்புடைய நோயொன்றுக்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புகைப்போரின் குருதிக் கலங்களிலே மாறிவிட்ட மெதைற் குறிகள் சில, அப்பழக்கத்தைக் கைவிட்டபின் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்புவதும் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. பழக்கத்தை விடுவதாற் பயனில்லை என்று சோர்வோருக்குக் கலத்தின் கரு கூறும் மறுமொழி இது.

குடாநாட்டுக்கு இதிலே இரட்டைப் பொறுப்பு உண்டு. தன்னை வாழவைத்த பயிரை அது இழிவாகப் பேச இயலாது. அப்பயிர் விளைத்த நோயை மறைக்கவும் இயலாது. வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் வாழையும் அதே செம்மண்ணில் விளைகின்றன. மாற்றுப் பயிருக்கு வழியில்லாமலில்லை. எனினும் விலை வீழ்ச்சியும் கடனும் அஞ்சும் கமக்காரருக்கு அறிவுரை மாத்திரம் போதாது. அவர்தம் கைப்பழக்கத்தில் அடங்கியிருந்த அறிவினை முதலில் மதித்து, பின்னர் அதன் மறுமுனையில் நிகழ்வதை எடுத்துரைப்பதே கற்றோர் கடன். உயிரியலை ஏட்டுப்படிப்பாக மாத்திரம் கற்கும் மாணவர், வகுப்பறைச் சுவருக்கு அப்பாலுள்ள தோட்டத்திலே நுனி முறிந்து நிற்கும் ஒரு செடியைச் சற்றே உற்றுநோக்குவாராயின், அந்த உரையாடலைத் தொடங்குவதற்கு வேண்டிய பொருள் அங்கேயே கிடைக்கும்.