தங்கை வந்த நாள்

பிள்ளை பிறந்த நாளைப் பற்றிக் கேட்டால் எந்தக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். அன்று பெய்த மழை, மருத்துவச்சியை அழைக்க ஓடியவர், பிள்ளையின் முகத்தை முதலில் பார்த்தவர் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வர். என் தங்கையின் பிறப்பைப் பற்றி அப்படிச் சொல்ல எங்கள் வீட்டில் எவருக்கும் ஒன்றும் இல்லை. அவள் எங்களிடம் வந்த நாள்தான் எங்களுக்குத் தெரியும். 1951ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. எனக்கு அப்பொழுது வயது எட்டு. அவளுக்குப் பத்து மாதம் இருக்கலாம் என்றார்கள். எண்பதைக் கடந்துவிட்ட இவ்வயதிலும் அந்த நாளைக் காலை முதல் இரவு வரை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அதில் எனக்குப் பெருமை தராத பகுதியும் ஒன்று உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

என் பெற்றோர் நாமக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து போருக்கு முன்பு கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள். பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருவரும் பால் மரம் வெட்டினர். லயத்தில் ஓர் அறையும் முன்புறத் திண்ணையுமே எங்கள் வீடு. அதில் பெற்றோரும் அப்பாயியும் நானும் இருந்தோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் என் உடன்பிறந்த தங்கை, ஐந்து மாதக் குழந்தை, காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அவளுக்காகக் கட்டிய தூளி உத்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதனை அவிழ்க்கத் தாயார் எவருக்கும் இடம் கொடுக்கவில்லை.

அது அவசரகாலம். 1948 ஜூன் மாதத்தில் எங்கள் வட்டாரத்திலேயே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அறிவிக்கப்பட்டது, 1960 வரையில் நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் உதவியும் கிடைக்காமல் செய்வதற்காக, 1950 முதல் காட்டோரங்களில் பயிரிட்டு வாழ்ந்த சீனர்களை அரசாங்கம் பெயர்த்தெடுத்து முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தியது. நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இவ்வாறு இடம் மாற்றப்பட்டனர். தோட்டத்தையும் பன்றிக் கொட்டகையையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பிழைப்பு எளிதாக இல்லை.

அப்படிப் பெயர்க்கப்பட்ட சீனத் தாய் ஒருவரை என் தாயார் அறிவார். தோளில் தடியை வைத்து, இரு முனையிலும் கூடைகளைத் தொங்கவிட்டு, லயத்துக்குக் கீரையும் பயற்றங்காயும் கொண்டுவந்து விற்றவர் அவர். 1950இல் இருவரும் ஒரே காலத்தில் சூலுற்றிருந்தனர். பேச மொழி இல்லை. ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வர். அவருக்கு ஐந்தாவதாகவும் பெண்ணே பிறந்தது. 1950 பிப்ரவரி முதல் மறு பிப்ரவரியின் முதல் வாரம் வரையில் சீனர் கணக்கில் புலி ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் வீட்டுக்கு ஆகாது என்று நம்பியவர்கள் உண்டு. ஆயினும் நம்பிக்கையைவிட வறுமைதான் பெரிய காரணம் என்று தந்தையார் பிற்காலத்தில் சொல்வார். அக்காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பல, சீனப் பெண் குழந்தைகளை வாங்கி வளர்த்தன. எங்களுக்கும் சீனத் தாய்க்கும் இடையில் பேசி முடித்தவர் தோட்டத்து மளிகைக் கடைத் தவுக்கே.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயார், தந்தையார், நான் மூவரும் மூன்று கல் தொலைவு நடந்து புதுக்கிராமத்தை அடைந்தோம். தவுக்கே முன்னரே வந்து காத்திருந்தார். அவர் சொல்லிக் கொடுத்தபடி தந்தையார் சிறிது பணத்தைச் சிவப்புக் காகிதத்தில் மடித்து இரு கைகளாலும் நீட்டினார். அந்தத் தாயும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அதனை வாங்காதிருக்க அவருடைய வீட்டு நிலை இடம் தரவில்லை. பின்னர்க் குழந்தையையும் நான்கு மூலைகளில் நாடா தைத்த ஒரு சதுரத் துணியையும் என் தாயாரிடம் கொடுத்தார். குழந்தையைப் பார்த்து, "ஆ மோய்" என்று ஒரு முறை அழைத்தார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

வாசலில் காவல் இருந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து உணவுக் கட்டுப்பாடு கடுமையாகியிருந்தது. கிராமத்திலிருந்து ஒரு பிடி அரிசியும் வெளியே போகக்கூடாது. புடைவைத் தலைப்புக்குள் மூட்டைபோல் எதனையோ அணைத்து வந்த என் தாயாரை மலாய்க் காவலர் ஒருவர் நிறுத்தினார். தலைப்பை விலக்கச் சொன்னார். உள்ளிருந்து இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. காவலர் குழந்தையையும் தாயாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சியாப்பா புஞா?" என்றார். யாருடையது என்பது அக்கேள்வி. என் தாயாருக்குத் தெரிந்த மலாய்ச் சொற்கள் பத்துக்கு மேல் இரா. அவர் சற்றும் தாமதிக்காமல், "சாயா புஞா" என்றார். என்னுடையது என்று பொருள்.

அவர் அதனை உரக்கவே சொன்னார். வேலிக்கு உட்புறத்தில் சீனத் தாய் நின்றுகொண்டிருந்தார். கடைவீதி மலாய் அவருக்கும் தெரியும். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் தலையை ஒருமுறை அசைத்தார். அந்த அசைவை எப்படிப் பொருள்கொள்வது என்று நான் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கின்றேன்.

வழி நெடுகிலும் குழந்தை அழவில்லை. "நல்ல குணம், அழத் தெரியாத பிள்ளை" என்றார் தந்தையார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் குழந்தையை இடுப்பில் வைத்துப் பார்த்தார். அதன் கால்கள் இடுப்பைப் பற்றிக்கொள்ள அறியாமல் நழுவின. நம் பிள்ளைகளுக்கு இடுப்பில் அமர்வது தானே வந்துவிடும் என்று நாம் நினைக்கின்றோம். அதுவும் கற்றுக்கொள்வதுதான் என்பதை அன்று கண்டேன். முதுகில் கட்டப்பட்டே வளர்ந்த குழந்தைக்கு இடுப்பு அந்நியமாக இருந்தது.

வீட்டில் அப்பாயி ஆலம் கரைத்து வைத்திருந்தார். சுற்றியெடுத்துப் பொட்டிட்டபின், "போன பிள்ளையின் பெயரையே வைத்துவிடு; அவளே திரும்பி வந்ததாக இருக்கட்டும்" என்றார். மாமியார் சொல்லைத் தட்டாதவர் என் தாயார். அன்று மட்டும், "வேண்டாம் அத்தை. போனவளுடைய பெயர் அவளோடு போகட்டும். இவள் இவளாகவே வந்திருக்கிறாள்" என்றார். குலதெய்வத்தின் பெயரை வைத்து மும்முறை காதில் ஓதினார்கள். குழந்தை திரும்பவில்லை. அப்பெயரைச் சொல்லி ஒவ்வொருவராக அழைத்தோம். அவள் பார்வை எங்களையெல்லாம் கடந்து வாசலில் நின்றது.

உணவில் மட்டும் எங்களுக்கு வெற்றி கிடைத்தது. குழைய வேகவைத்த கஞ்சியைத் தாயார் விரலால் ஊட்டியபோது அவள் வாய் திறந்து உண்டாள். அங்கும் கஞ்சி, இங்கும் கஞ்சி. பிற்காலத்தில் ஆங்கில அகராதியில் அச்சொல் தமிழிலிருந்து சென்றதாகக் கண்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அலுமினியக் கிண்ணந்தான்.

பிற்பகலில் லயமே எங்கள் திண்ணையில் கூடிவிட்டது. தோட்டத்துக் கிராணியும் வந்தார். நாளிதழ் படித்துச் செய்தி சொல்பவர் அவர்தாம். "எழுத்து ஏதும் வாங்கினீர்களா?" என்று கேட்டார். தந்தையார் இல்லையென்றார். கிராணி சிங்கப்பூர்ச் செய்தியை நினைவூட்டினார். டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, போர்க்காலத்தில் சே அமீனா என்ற மாதிடம் வளர்ந்த மரியா ஹெர்தோ என்னும் சிறுமியைப் பெற்றோரிடமே ஒப்படைக்குமாறு 1950 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதனைத் தொடர்ந்த கலவரத்தில் 18 பேர் மாண்டதும் எல்லாரும் அறிந்தவையே. "பெற்றவர்கள் நாளைக்கு வந்து கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்" என்றார் கிராணி. அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. தாயார் குழந்தையின் தலையைத் தடவியபடியே, "அந்தப் பெண்ணை வளர்த்த அம்மா என்ன ஆனாள்?" என்று கேட்டார். திண்ணையில் இருந்த ஒருவரும் விடை கூறவில்லை.

கூட்டம் கலைந்தது. மாலையில் தாயார் குழந்தையைத் தூளியில் கிடத்தப் போனார். மாதக்கணக்கில் வெறுமையாகத் தொங்கிய அந்தத் தூளியில் வேறொரு குழந்தையைக் கண்டதும் எனக்குள் என்ன நேர்ந்ததோ அறியேன். "அது தங்கச்சி தூளி! இவள் வெறும் ஆ மோய்தானே!" என்று கத்தினேன்.

'ஆ மோய்' என்பது எங்களுக்கு ஏளனச் சொல். காய்கறி விற்க வரும் சீனப் பெண்களின் பின்னால் தோட்டத்துப் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடும் சொல். அதனை நான் அன்று அவளை வீட்டுக்கு வெளியே தள்ளுவதற்காகவே சொன்னேன். ஆனால், காலையிலிருந்து எந்த அழைப்புக்கும் திரும்பாத குழந்தை, தூளிக்குள்ளிருந்து சட்டென்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த கணம் அடக்கிவைத்திருந்த அழுகை அத்தனையும் வெடித்துவிட்டது. காலையிலிருந்து அவள் அழாதிருந்தது நல்ல குணத்தினால் அன்று. அச்சத்தினால் என்பது அப்பொழுதுதான் எங்களுக்கு விளங்கியது. தன்னை அறிந்த குரல் ஒன்று அவ்வீட்டில் இருக்கிறது என்று எண்ணியே அவள் அழுதிருக்க வேண்டும்.

தந்தையார் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். தாயார் தடுத்தார். "அடிக்காதீர்கள். அவன் கூப்பிட்டால்தானே திரும்புகிறாள்" என்றவர் என் பக்கம் திரும்பி, "இன்னொரு முறை கூப்பிடு தம்பி. கத்தாமல் கூப்பிடு" என்றார். நான் வெட்கத்தோடு மெல்ல, "ஆ மோய்" என்றேன். அழுகைக்கிடையே அவள் மீண்டும் என்னைப் பார்த்தாள். தாயாரும் அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டார். நாக்கு ஒத்துழைக்காமல் பலமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தச் சதுரத் துணியை எடுத்துக் குழந்தையைத் தம் முதுகில் வைத்து, நாடாக்களை எப்படிக் கட்டுவதென்று தெரியாமல் அப்பாயியின் உதவியோடு எப்படியோ கட்டிக்கொண்டார். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போயாக வேண்டும்; குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். அதனை மனத்தில் வைத்தோ என்னவோ, அந்த இரவு அவர் படுக்கவே இல்லை. திண்ணைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நடுநிசிக்குப் பிறகு குழந்தை அவர் முதுகிலேயே உறங்கிப்போனாள்.

எழுத்து இல்லாத அச்சம் நெடுநாள் தாயாரை விட்டு நீங்கவில்லை. 1952ஆம் ஆண்டில் தத்துப் பதிவுக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஒரு குழந்தையை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வளர்த்துவந்தவர்கள் அதனைப் பதிவு செய்துகொள்ள அச்சட்டம் வழிசெய்தது. தங்கை பள்ளியில் சேருமுன் அந்தத் தாள் எங்கள் தகரப் பெட்டிக்குள் வந்துசேர்ந்தது. அதன் பிறகு ஒருநாள் தாயார் அவளை அழைத்துக்கொண்டு புதுக்கிராமத்துக்குச் சென்றார். எழுத்து வரும் வரையில் அங்குச் செல்லும் துணிவு அவருக்கு வரவில்லை. அந்தக் குடும்பமோ அதற்குள் வேறிடம் போய்விட்டிருந்தது. அன்று தாயார் வீடு திரும்பி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

1960களில் நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, ஹக்கா மொழி பேசும் சீன நண்பர் ஒருவர் என்னோடு தங்கியிருந்தார். பேச்சுவாக்கில் ஒருநாள், 'ஆ மோய்' என்றால் என்ன என்று கேட்டேன். இளம் பெண்களை அப்படி அழைப்பதுண்டு என்றார். பின்பு, "மோய் என்பதற்கு முதற்பொருள் தங்கை" என்றார்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எவளைத் தங்கை அல்லள் என்று சொல்லக் கூவினேனோ, அவளை அவளுடைய மொழியில் தங்கை என்றே அழைத்திருக்கின்றேன். அந்த வீட்டில் அவளைத் தங்கை என்று முதலில் அழைத்தவன் நான்தான். நான் அறிந்து அழைக்கவில்லை, அவ்வளவே.

விடுமுறையில் வீடு சென்று இதனைச் சொன்னபோது தங்கை கைகொட்டிச் சிரித்தாள். தாயார் மட்டும், "அவளைப் பெற்றவள் உனக்காகத்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்" என்றார். அது உண்மையன்று என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆயினும் ஒருவரும் மறுக்கவில்லை. சீனம் ஒரு சொல்லும் அறியாமல், தமிழ்ப் பள்ளியில் படித்து, பேரப்பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்த என் தங்கையை இன்றும் நான் அந்த ஒரு சீனச் சொல்லால்தான் அழைக்கின்றேன்.

ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். ஆண்டின் முதல் நாளில் புதிதாக வரும் பிள்ளைகள் சிலர் பதிவேட்டிலுள்ள பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர் என்றோ, அழாமல் அமர்ந்திருப்பவரை நல்ல பிள்ளை என்றோ நான் முடிவு செய்ததில்லை. அருகில் சென்று, "வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்பேன். சிலர் சொல்வர். சிலர் அந்தப் பெயரைச் சொல்லும்போதே அழுதுவிடுவர். அழுது முடியும் வரையில் காத்திருப்பேன். பாடம் பிறகுதான்.