மாமிக்கு ஒரு பகல்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சாள்,

உன் கடிதம் கிடைத்தது. கலியாணம் முடிந்த கையோடு சென்னையில் கப்பல் ஏறி, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றப் போகிறீர்கள் என்று வாசித்ததில் இருந்து வீட்டில் வேறு கதையே இல்லை. 2023 ஜூனில் எம்பிரஸ் கப்பல் சென்னையில் இருந்து முதன்முதல் இங்கே வந்தபோது, "எங்கட ஆக்களும் ஒருநாள் இதில வருவினமோ" என்று அம்மா கேட்டா. இப்போது மாமியே வருகிறா.

நீ எழுதிய திட்டத்தைப் பார்த்தேன். சிகிரியா, புறாத்தீவு, கன்னியா, கோணேசர், மாபிள் பீச், எல்லாம் ஒரே பகலில். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், சிகிரியாவை விட்டுவிடு. இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், வரவும் அதே அளவு, ஏற ஆயிரத்துக்கு மேல் படி. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்று கப்பல்காரர் எழுதித் தந்தாலும் அந்த ஒன்பது மணித்தியாலமும் உன்னுடையதல்ல. இறங்குகிற வரிசை, கடதாசி பார்க்கிறது, புறப்பட ஒரு மணித்தியாலம் முந்தித் திரும்புகிறது எல்லாம் போக ஆறு, ஆறரைதான் மிஞ்சும். அதை ஹபரணை றோட்டில் செலவழித்தால் மாமி பிறந்த ஊரை வான் கண்ணாடிக்குள்ளால் மட்டும்தான் பார்ப்பா. 1990 இல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன மனுசி. அந்தப் பகல் அவவுக்குத்தான் என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை யோசிப்போம்.

நீங்கள் சந்தோரினியில் கேபிள் காருக்கு நின்ற வரிசையைப் பற்றி எழுதியிருந்தாய். அங்கே கப்பலில் வருகிறவர்கள் நாளுக்கு 8,000 பேர் என்று மட்டு வைத்து, 2025 இல் இருந்து கோடையில் ஆளுக்கு 20 யூரோவும் வாங்குகிறார்களாமே. இங்கே சனநெருக்கடி உங்களை மறிக்காது. மத்தியானம்தான் மறிக்கும். உச்சிப்பூசை முடிந்தால் கோணேசர் கோயில் சாத்திவிடுவார்கள், திரும்பத் திறக்கப் பின்னேரமாகிவிடும். ஆகையால் இறங்கிய உடனே கோயில். கப்பல் சீனக்குடாப் பக்கம் கட்டுகிறதா, நடுத்துறையில் நங்கூரம் போட்டுப் படகில் இறக்குகிறதா என்று முந்தியே கேட்டுவை. படகு என்றால் முதற்படகிலேயே மாமியை ஏற்றிவிடு.

கோயில் இருக்கிற கோட்டையின் வாசலில் இருந்து நடக்க வேண்டாம். ஓட்டோ உள்ளே கோயிலுக்குக் கிட்ட மட்டும் போகும், அதற்குப் பிறகுதான் கடைகளுக்கு நடுவே ஏற்றமும் படியும். மாமியின் முழங்காலுக்கு அதுவே போதும். வெறுங்காலோடு போகவேண்டும், பத்து மணிக்குப் பிறகு கல்லு சுடும். மாதுமை அம்பாளுக்கு அர்ச்சனை செய்துவிட்டு இராவணன் வெட்டுப் பக்கம் ஆறுதலாக இருங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே கதை நிறைய உண்டு. 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடிக் கடலுக்குள் இறங்கி இடிந்த தூண்களைக் கண்டார்கள். இப்போது நாங்கள் கும்பிடுகிற கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963 இல். மாமி அதைப் பார்த்தவ, அவவையே சொல்லச் சொல்லு. கோட்டைக்குள் திரிகிற மான்களுக்குப் பிள்ளைகள் பொலித்தீன் பையோடு எதையும் கொடுக்காமல் பார்த்துக்கொள்.

அதற்குப் பிறகு கன்னியா. நகரத்தில் இருந்து எட்டுக் கிலோமீற்றர்தான், ஏழு வெந்நீர்க் கிணறும் ஒரே இடத்தில். வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு திரும்ப ஒரு மணித்தியாலம் போதும். அப்பப்பாவின் அந்தியேட்டி அங்கேதான் நடந்தது. மாமி அப்போது வரமுடியாமற் போனதை இன்றைக்கும் அம்மாவிடம் போனில் சொல்லி அழுகிறா. கன்னியாவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெட்டாதே.

புறாத்தீவுக்கு நிலாவெளி போய்ப் படகு பிடிக்கவேண்டும், அரைநாள் போய்விடும். அதோடு 2003 இல் இருந்து அது தேசியப் பூங்கா. ஆட்கள் மிதித்து மிதித்தே முருகைக்கல் எவ்வளவோ உடைந்துபோய்க் கிடக்கிறது. அவசரமாக ஓடிப்போய்ப் பார்க்கிற இடமில்லை. ஒரு கிழமை நின்று பார்க்க இன்னொரு முறை வாருங்கள். மகளுக்கு வேண்டுமென்றால் ஒன்று செய்யலாம். அவள் ஜேன் ஒஸ்ரினை விழுந்து விழுந்து வாசிக்கிறாள் என்றாயே. அந்த அம்மாவின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852 இல் பர்மாவில் இறந்து இங்கே நகரத்து மயானத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஹோட்டல் கதை வேண்டாம். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வெக்கையாக அடிக்கும், சாப்பிட்டபின் மாமி ஒரு மணித்தியாலம் படுக்கத்தான் வேண்டும். அக்கம்பக்கத்தில் அவவைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தை வேறெதற்கும் எடுத்துவிடாதே.

இரண்டு விசயம் கட்டாயம் பார். கப்பலில் இருந்து திரும்பவும் சென்னையில்தான் இறங்குகிறீர்கள், உங்களிடம் இருப்பது கனடாப் பாஸ்போட். உங்கள் இந்திய விசா இரண்டாவது முறையும் நுழைய விடுமா என்று இப்போதே பார்த்துவிடு. மற்றது, கப்பல்காரரின் பஸ்ஸில் போனால் பிந்தினாலும் கப்பல் நிற்கும், சொந்தமாகப் போனவர்களுக்காக நிற்காது. அதனால் மூன்றரைக்கெல்லாம் உங்களைத் துறைமுக வாசலில் விட்டுவிடுவேன், அண்ணா எவ்வளவு மறித்தாலும். கப்பல் வெளியே வந்து வடக்கே காங்கேசன்துறைக்குத் திரும்பும்போது கரை இடது கைப்பக்கம் இருக்கும். மாமியை அந்தப் பக்கத் தட்டில் இருத்து, கோணேசர் மலையைக் கடலில் இருந்தும் கும்பிடட்டும்.

மாமி இப்போதும் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லையா? கப்பல் வருகிற நாள் வெள்ளியாக இருந்தால் மரக்கறிதான் சமைப்பேன், இல்லாவிட்டால் அறக்குளா வாங்கிவைப்பேன். திகதியையும் நேரத்தையும் கெதியாக எழுது, ஓட்டோக்காரத் தம்பிக்கு முந்தியே சொல்லிவைக்கவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சாள்