ஆமைக்கு ஒரு வீடு

ஆமை வளர்க்க எண்ணுவோரிற் பலர் முதலில் வாங்குவது ஒரு கண்ணாடித் தொட்டியையே. மீன் வளர்த்துப் பழகியதனால் வந்த எண்ணமாக இருக்கலாம். நீராமைக்கு அது பொருந்தும். தரையாமைக்குப் பொருந்தாது.

நம் நாட்டில் தரையாமையை எங்கே வைத்து வளர்ப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. வறண்ட வலயத்துப் பற்றைக் காடுகளில் திரியும் நட்சத்திர ஆமை, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாகும். அதன் ஓட்டின் அழகே அதற்கு எமனாக வாய்த்தது. கடத்தல் பெருகியதனால் 2019 இல் அதன் சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டது. ஆகவே நான் எழுதப்போவது இலண்டன் ஆமை ஒன்றைப் பற்றி.

என் பெறாமகளின் ஒன்பது வயது மகளுக்கு வாய்த்த அந்த ஆமை, மத்திய ஆசியப் புல்வெளிகளுக்கு உரிய இனம். கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கங்களில் மண்ணைத் தோண்டி வளையமைத்துக் கோடையின் வெம்மையிலும் மாரியின் குளிரிலும் உறங்கிக் கிடப்பது. 1968 செப்டெம்பரில் சோவியத் ஒன்றியம் ஏவிய சொண்ட்-5 விண்கலத்தில் சந்திரனைச் சுற்றிவந்த இரு ஆமைகளும் இவ்வினத்தவையே. மனிதன் அவ்வழி செல்வதற்கு மூன்று மாதங்கள் முன்னரே அவை போய் வந்துவிட்டன. அந்த ஆமைகளின் இனத்தவர் ஒருவர், மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் மூலைக்கு மூலை முட்டிக்கொண்டிருந்தார்.

நான் அங்கு தங்கியிருந்த நாட்களில், காலை விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து மாலைவரை முன்னங்கால்களாற் கண்ணாடியைப் பிறாண்டியபடியே அது நின்றது. சிறுமிக்கு அது ஆமையின் நடனம். வரவேற்பறைக்கு அழகாக இருக்கிறது என்பது மருமகனின் கட்சி. கண்ணாடி என்ற ஒன்று இருப்பதை ஆமை அறியாது. பார்வை செல்லும் இடத்துக்கு உடலும் செல்லும் என்றே அது நம்புகிறது. மேலும், பக்கங்கள் அடைபட்ட தொட்டியில் வெப்பமும் ஈரமும் தேங்கிவிடும். ஒரு முனை 32 பாகை செல்சியஸ் அளவில் வெம்மையாகவும் மறுமுனை 20 பாகை அளவில் குளிர்ச்சியாகவும் இருந்தால்தான், வேண்டிய வெப்பத்தை அது தானே நடந்து சென்று தேடிக்கொள்ளும். இவற்றை நான் மருமகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பெறாமகள் குறுக்கிட்டாள்.

"சித்தப்பா, வெளியில எல்லாம் தெரியுது, போகத்தான் ஏலாது. அதுதான் அதுக்கு வருத்தம். தெரியாமல் இருந்தால் பேசாமல் கிடக்கும்."

2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில், முட்கம்பிகளுக்குள், தாயுடன் ஏழு மாதங்கள் இருந்தவள் அவள். கம்பிக்கு அப்பால் வீதியாற் செல்லும் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருந்ததாக முன்பொருமுறை சொல்லியிருக்கிறாள். மருமகன் 1990களிலேயே இங்கு வந்துவிட்டவர். அதன் பிறகு அவர் தொட்டிக்காக வாதிடவில்லை.

வீட்டில் வேண்டாதிருந்த புத்தக அலுமாரி ஒன்றைப் பின்புறம் தரையிற் படக் கிடத்தி, தட்டுகளைக் கழற்றினோம். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மரச்சுவர், மேலே திறந்த வெளி. ஆமை வீட்டுக்கு இதைவிட எளிய வழியில்லை. (புத்தகங்கள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.) உள்ளே பொலித்தீன் விரித்து, தோட்ட மண்ணும் மணலும் கலந்து, புதைந்துகொள்ளும் ஆழத்துக்குப் பரப்பினோம். ஒரு முனையில் வெப்ப விளக்கு, மறுமுனையில் ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த பூச்சாடி, நடுவே ஆழமற்ற தண்ணீர்த் தட்டு.

புற ஊதாக் கதிர் விளக்கைத்தான் பலரும் வீண்செலவென விட்டுவிடுகிறார்கள். யன்னலருகே வெயில் படுகிறதே என்பார்கள். சாதாரண யன்னற் கண்ணாடி, ஆமைக்கு வேண்டிய கதிரைத் தடுத்துவிடும். அக்கதிர் இல்லையேல் விற்றமின் டி இல்லை; அது இல்லையேல் உண்ட கல்சியம் உடலிற் சேராது; ஓடு மென்மையாகி எலும்பு வளையும். அந்த மின்குமிழ் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் மாதங்கள் செல்லச் செல்லக் கதிர் குன்றிவிடும். கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய திகதியைச் சிறுமி அதன் பிடியில் எழுதி வைத்தாள்.

கோடையில் அதனைப் பின்வளவில் விடவேண்டும். எந்த அலுமாரியும் உண்மையான வெயிலுக்கும் புல்லுக்கும் ஈடாகாது. தோண்டும் இனமாதலால் சுவரின் அடி ஓரடியாவது மண்ணுக்குள் இறங்கவேண்டும். நரிகளுக்காக இரவில் மேலே மூடியும் வேண்டும். மூடிக்குக் கம்பிவலை போதும் என்பதை அவள் ஏற்றாள். பக்கங்களுக்கும் வலையே மலிவு என்று மருமகன் கணக்குச் சொன்னார். செங்கல்தான் என்றாள் அவள். நான் கொழும்பு திரும்பும்வரை அவ்விடயம் முடிவாகவில்லை. சென்ற வாரம் அனுப்பிய படத்தில் இரண்டு வரிச் செங்கல் எழுந்திருக்கிறது. கண்ணாடித் தொட்டியிற் கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது.