வலகடியன்

மாமா வலது ஆள்காட்டி விரலைக் காட்டித்தான் அந்தக் கதையைத் தொடங்குவார். திரேஸ்புரத்திலிருந்து வல்லத்தில் போய் விடியலில் வலை இழுத்தபோது, மீனோடு வந்த கடல்பாம்பு கடித்துவிட்டது. வலகடியன். வலையில் மாட்டினால் வலையையே கடிக்கும், அதனால் அந்தப் பெயர். "கடிச்சிச்சு, ஒண்ணும் ஆகல. மாதா காப்பாத்துனா" என்பார். கடல்பாம்புக் கடிகளில் பெரும்பாலானவற்றில் விஷம் இறங்குவதில்லை என்று பின்னாளில் படித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

இறங்கியிருந்தால்? நம்மூர் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கு மட்டும்தான். கடல்பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது, இதே வலகடியனின் விஷத்தை வைத்து.

அந்த 'இதே'யில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அரபிக்கடல் முதல் ஆஸ்திரேலியா வரை ஒரே பாம்பு என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 2013இல் இலங்கை ஆய்வாளர் கனிஷ்க உகுவெலவின் குழு மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும் உட்கரு மரபணுக்களையும் ஒப்பிட்டது. அலகு போன்ற அதே மூக்கு, ஆனால் ஆசியப் பாம்பும் ஆஸ்திரேலியப் பாம்பும் உடன்பிறப்புகள் இல்லை. இரண்டுக்கும் பக்கத்துச் சொந்தம் வேறு வேறு பாம்புகள்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் வருவது. மாமாவிடமும் என்னிடமும் இருப்பது ஆச்சி கொடுத்ததுதான், 16,569 எழுத்து. ஒரு பாம்பின் மைட்டோகாண்ட்ரியாவை முதலில் முழுதாகப் படித்தது 1998இல், ஜப்பானில். 17,191 எழுத்து. கட்டுப்பாட்டுப் பகுதி என்ற துண்டு அதில் இரண்டு இடத்தில், எழுத்துப் பிசகாமல் இருந்தது. குருட்டுப்பாம்புகளை விட்டால் பெரும்பாலான பாம்புகளில் இப்படித்தான்.

எங்கள் வேலையில் ஒரு ஃபங்ஷனை காப்பி பேஸ்ட் செய்தால், ஆறு மாதத்தில் இரண்டும் இரண்டு விதமாகிவிடும். ஒன்றில் பக் சரிசெய்வோம், இன்னொன்றை மறந்துவிடுவோம். பாம்பு கோடிக்கணக்கான வருஷமாக இரண்டையும் ஒத்துப்போக வைத்திருக்கிறது. (பொறாமையாக இருக்கிறது.) படிப்பவர்களுக்குத்தான் தலைவலி. 150 எழுத்துத் துண்டுகளாகப் படித்துச் சேர்த்தால், எந்தத் துண்டு எந்தப் பிரதியுடையது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கி, வட்டத்தைச் சின்னதாக மூடிவிடும். ஆயிரம் எழுத்தைத் தாண்டுகிற நீளத் துண்டுகள் வேண்டும்.

போன மாதம் மாமாவிடம் உகுவெல கதையைச் சொன்னேன்.

"மருந்து எந்தப் பாம்பு விஷத்துல எடுக்கான்?"

"நம்ம பக்கத்து வகைதான், மாமா."

"அப்போ நம்ம பாம்புக்கு மருந்து அங்கதான் கெடக்கு, இல்லியாலே?"

அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டே கேட்டார்.