ஈஸ்டைத் தேடி எடுக்கும் ரத்தம்

குண்டடம் பக்கமிருந்து திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குப் போகிறவர்களுக்கு நாள் முழுக்கக் கை ஈரம். விரலிடுக்கில் தோல் ஊறி, வெளுத்து, உரியும். பல நேரம் கேண்டிடா என்னும் ஈஸ்ட்தான் காரணம். "ரத்தம் எடுத்துப் பாத்துருங்க தம்பி" என்று லேப் டெக்னீஷியன்களான எங்களிடம் கையை நீட்டுவார்கள். அதற்கு ரத்தம் வேண்டியதில்லை. உரியும் தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். கேண்டிடா நலமாக இருப்பவர் வாயிலும் குடலிலும் குடியிருப்பது. அதற்கான எதிர்ப்பொருள் யார் ரத்தத்திலும் இருக்கலாம். சர்க்கரை கூடினால் இந்த ஈஸ்ட் எளிதில் தொற்றும்; அதனால் ரத்தத்தில் பார்க்க வேண்டியது சர்க்கரையை.

ஈஸ்டுக்காக ரத்தம் எடுக்க வேண்டியது ஐ.சி.யூ.வில்: சென்ட்ரல் லைன் போட்டவர், குறைமாதக் குழந்தை, ஆன்டிபயாடிக் ஏறியும் காய்ச்சல் விடாதவர். அங்கே முடிவு எங்கள் கையில்தான் தொடங்குகிறது. குளோர்ஹெக்சிடின் தடவினால் அது தானாகக் காய வேண்டும். ஊதக்கூடாது, நரம்பை மறுபடி தொட்டுப் பார்க்கக்கூடாது. பெரியவர்களுக்குக் கல்ச்சர் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு இடங்களிலிருந்து. ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு ஈஸ்ட்கூட இல்லாமல் போகலாம். அளவு குறைந்தால் தப்பிவிடும். முறையாக எடுத்தாலும் கல்ச்சர் ஏறக்குறையப் பாதிப் பேரிடம்தான் பிடிக்கிறது.

பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் கிராம் ஸ்மியர். பாக்டீரியாவைவிடப் பெரிய, ஊதா நிற முட்டை வடிவச் செல்கள்; ஓரத்தில் சிறு மொட்டு. கண்டவுடன் வார்டுக்கு போன் போக வேண்டும். ரத்தத்தில் வந்த கேண்டிடாவை 'வெளியிலிருந்து ஒட்டியது' என்று ஒதுக்கவே கூடாது. அடுத்து, சீரத்தில் கலந்து 37 டிகிரியில் 2, 3 மணி நேரம் வைத்தால் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் இனம் குழல் நீட்டும். நம் நாட்டு ஐ.சி.யூ.க்களில் அதிகம் வரும் கேண்டிடா டிராபிகலிஸை அதற்குள் அப்படிப் பார்க்க முடியாது. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து கண்டறிந்த கேண்டிடா ஆரிஸ், சில இயந்திரங்களில் ஹெமுலோனி என்று வேறு பெயரில் வரும். ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காது. அதனால் இனம் எதுவென்று தெரியாமல் வேலை முடியாது.

கேண்டிடா போன்ற பூஞ்சைகளின் செல் சுவரிலுள்ள பீட்டா டி குளுக்கனை ரத்தத்தில் அளக்கும் சோதனையும் உண்டு. ஆனால் அறுவைக் காயத்தில் வைத்த பருத்தி காஸ் துணியிலிருந்தும் குளுக்கன் ரத்தத்தில் சேரும். பஞ்சோடு பிழைக்கும் ஊர்க்காரர்கள் நாம். காஸ் வைத்திருந்தால் அதைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

உங்கள் வீட்டவர் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது, "இன்னொரு கையிலயும் எடுக்கணுங்க" என்று டெக்னீஷியன் வந்தால் தடுக்காதீர்கள். பூஞ்சை மருந்து ஏறுமுன் போதிய அளவு எடுத்த ரத்தம்தான் சரியான மருந்துக்கு வழிகாட்டும்.