ஓவியம் படிக்க வீட்டை அடகு வைக்கலாமா?



பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைப்பது பற்றியும் பொறியியல் படிக்க வைப்பது பற்றியும் நம் வீடுகளில் பேசாத நாளில்லை. எவ்வளவு செலவாகும், எந்த வங்கி எவ்வளவு தரும், எத்தனை ஆண்டுகளில் கடன் அடையும் என்பதெல்லாம் வீட்டில் உள்ள அனைவருக்கும் மனப்பாடம். ஆனால், "நான் ஓவியத்தில் முதுகலை படிக்கப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் வீடே வாயடைத்துப் போகிறது. ஒன்று, "அதெல்லாம் ஒரு படிப்பா?" என்று மறுத்து விடுகிறோம். அல்லது பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு விடுகிறோம். படிப்பையும் மதித்து, கணக்கையும் பார்க்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்கே எழுத விழைகிறேன்.

காரைக்காலில் முப்பது ஆண்டுகள் பள்ளி ஓவிய ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தங்கையின் மூத்த மகள் புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலைப் பட்டம் முடித்தாள். அவள் வரைவது மனித உருவங்களை அல்ல. வலையின் கண்ணிகள், பாய் முடையும் கோடுகள், பழைய பள்ளிவாசல் சாளரங்களின் கட்டங்கள் இவைதாம் அவளுடைய உலகம். உருவம் வரைவது குறித்து நம்மிடையே உள்ள கேள்வி எங்கள் வீட்டில் எழவில்லை. எழுந்தது பணத்தைப் பற்றிய கேள்வி.

கடிதம் வந்தது; கணக்கும் வந்தது

இலண்டனில் உள்ள ஒரு கலைக் கல்லூரி அவளுக்கு முதுகலை இடம் தந்தது. ஓராண்டுப் படிப்பு. கட்டணம், தங்குமிடம், உணவு, பயணம் எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பது லட்ச ரூபாய்! உதவித்தொகை எதுவும் இல்லை. வங்கியில் கேட்டோம். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பது வழக்கம். எங்களிடமும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார்கள்.

நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் திருமணம் செய்து வைக்கிறோம் என்பது தாங்கள் அறிந்ததே. தங்கைக்கு இருப்பது ஒரே வீடு. அது இளையவளுக்கென்று எப்போதோ பேசி வைத்தது. ஆக, மூத்தவளின் படிப்புக்காக இளையவளின் வீட்டை அடகு வைப்பதா என்பதே உண்மையான கேள்வி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஒரு மாலை நானும் அவளும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வட்டி ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்றும், முழுத் தொகையும் தொடக்கத்திலேயே கைக்கு வருகிறது என்றும் வைத்துக் கொண்டோம். படிக்கும் ஓராண்டும், அதன்பின் தவணை கேட்காத ஓராண்டும் தனிவட்டி மட்டும் ஏறும். அது 8 லட்சம். கடன் 48 லட்சமாக நிற்கும். அதைப் பதினைந்து ஆண்டுகளில் அடைக்க வேண்டுமானால் மாதத் தவணை ஏறத்தாழ 51,580 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 92 லட்சத்து 85 ஆயிரம்!

இதோடு இன்னொரு எண்ணையும் பக்கத்தில் எழுதினேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதியக்குழு விகிதப்படி ஓர் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கலை படித்தவருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல உத்தியோகங்களில் அது ஒன்று. அந்த வேலையே கிடைத்தாலும், அடிப்படை ஊதியத்தில் பெரும்பகுதி தவணைக்கே போய்விடும்.

அவள் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "மாமா, இவ்வளவு கடன் இருந்தால் நான் நினைக்கிற படத்தை வரைய மாட்டேன். விற்கிற படத்தைத்தான் வரைவேன்."

சகோதரர்களே, நான் சொல்ல வந்த செய்தி இதுதான். மருத்துவருக்கும் பொறியாளருக்கும் கடன் என்பது வருமானத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். கலைஞருக்கோ அது காலத்தை எடுத்துவிடும். விற்காத படங்களைப் பல ஆண்டுகள் வரைந்து பார்க்கும் அந்த ஓய்ந்த நேரம்தான் கலைஞரின் முதலீடு. எனவே கலைப் படிப்புக்கான கடனை ரூபாயில் மட்டும் எண்ணக் கூடாது. ஆண்டுகளில் எண்ண வேண்டும்.

அமெரிக்கா சொல்லும் பாடம்

பெயர் பெற்ற கல்லூரியில் படித்தால் கடன் தானாக அடைந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் திரைப்பட முதுகலைப் படிப்பைப் பற்றி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2021 ஜூலையில் ஒரு செய்தி வெளியிட்டது. அரசுக் கடன் பெற்றுப் படித்து முடித்தவர்களின் இடைநிலைக் கடன் 1,81,000 டாலர். பட்டம் பெற்று இரண்டாண்டு கழித்து அவர்களில் பாதிப்பேரின் ஆண்டு வருமானம் 30,000 டாலருக்கும் கீழே! உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகத்திலேயே இந்நிலை.

அதே ஆண்டு, நூற்றைம்பது மில்லியன் டாலர் நன்கொடை கிடைத்ததால் யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி தன் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையே நீக்கிவிட்டது. ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே வகைப் படிப்பு. ஓரிடத்தில் வாழ்நாள் கடன், ஓரிடத்தில் கட்டணமே இல்லை. அப்படியானால் நாம் பார்க்க வேண்டியது கல்லூரியின் பெயரை மட்டுமல்ல, யார் பணம் கட்டுகிறார்கள் என்பதையும்தான்.

முன்னோடிகள் சென்ற வழி

இந்தியக் கலைஞர்கள் சிலரின் வரலாற்றை அவளுக்குச் சொன்னேன். எஸ்.எச். ரஸா 1950இல் பாரிஸ் நுண்கலைப் பள்ளிக்குச் சென்றது பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில். குலாம் முஹம்மது ஷேக் பரோடாவில் படித்து முடித்தபின் 1963இல் இலண்டன் ராயல் கலைக் கல்லூரிக்குச் சென்றது காமன்வெல்த் உதவித்தொகையில். நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாஹேயில் வளர்ந்த கே.ஜி. சுப்ரமணியன், சாந்திநிகேதனில் பயின்றபின் 1955இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவியுடன் இலண்டன் சென்றார். உருவமே இல்லாமல் கோடுகளாலேயே ஓர் உலகைப் படைத்த நஸ்ரீன் முஹம்மதியும் 1961 முதல் 1963 வரை பாரிஸில் உதவித்தொகையில்தான் பயின்றார். பின்னர் பரோடாவில் ஆசிரியையாகப் பணியாற்றினார்.

வெளிநாடு செல்வது தவறல்ல. அழைத்தவர்கள் செலவையும் ஏற்றுக் கொண்டபோது அவர்கள் சென்றார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வட்டி என்னும் சுவர்

வட்டி ஹராம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடில்லை. கல்விக்காக வாங்குவது நிர்ப்பந்தத்தில் சேருமா என்று எங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. "இந்தப் படிப்பை வட்டியில்லாமல் படிக்க வேறு வழியே இல்லையா? தேடிவிட்டு வாருங்கள்" என்றார். அந்த ஒரு கேள்வியே எங்களைத் தேட வைத்தது. தேடியதில் கிடைத்தவற்றைத் தங்கள் முன் வைக்கிறேன்.

நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் முதுகலை உண்டு, அரசுக் கட்டணம். வடக்கே 1919இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலாபவனம், 1950இல் தொடங்கிய பரோடா நுண்கலைப் புலம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலைப் பள்ளி, தில்லி ஜாமியா மில்லியா ஆகியவை உள்ளன. இவற்றில் பெற்ற பட்டத்துடன் மானியக் குழுவின் 'நெட்' தேர்வில் காட்சிக் கலைப் பாடத்தில் தேறினால் கல்லூரி ஆசிரியப் பணிக்குத் தகுதி வந்துவிடும். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தேர்வானால், முனைவர் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்; 2023 முதல் இதுவே விகிதம்.

மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு தரும் உதவித்தொகை உள்ளது. சிறுபான்மையினருக்கான பழைய அறிவிப்புகளைக் கையில் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கான வட்டி மானியமாக இருந்த 'பதோ பர்தேஷ்' திட்டமும், மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டு விட்டன. அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

வெளிநாடுதான் வேண்டும் என்போர் ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே அரசுக் கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் வெளிநாட்டு மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆயினும் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். 2024இல் அது ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது பத்து லட்ச ரூபாய்க்கு மேல். அந்நாட்டின் 'டாட்' நிறுவனம் நுண்கலைப் பட்டதாரிகளுக்கென்றே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது.

காரைக்கால் வாசகர்களுக்கு மட்டும் ஒரு சொல். நம்மில் பல குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அந்தக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு பிரான்ஸின் அரசுக் கலைப் பள்ளியில் ஆண்டுக்குச் சில நூறு யூரோக்களே கட்டணம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசு உதவித்தொகையும் கேட்கலாம். பிரெஞ்சு மொழி மட்டும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டனார் பேசிய மொழியைப் பேரப்பிள்ளை மறந்ததால் கைவிட்டுப்போகும் வாய்ப்பு இது! என் தங்கை குடும்பத்துக்கு அந்தக் குடியுரிமை இல்லை.

எங்கள் வீட்டு முடிவு

ஹைதராபாத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. கட்டணம், விடுதி, உணவு, வண்ணம், பயணம் எல்லாம் சேர்ந்து இரண்டாண்டுக்கு மூன்றரை லட்சம் என்று மதிப்பிட்டோம். அதில் பாதியை அவள் வாப்பா சேமிப்பிலிருந்து தந்தார். மீதியை நான் கர்ளன் ஹஸனாவாக, அழகிய கடனாகக் கொடுத்தேன். "சொந்தத் தாய்மாமனுக்கு எழுத்து எதற்கு?" என்று தங்கை கேட்டாள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதானே என்று அவள் மகள் நினைவூட்டினாள். எழுதினோம், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். வேலை கிடைத்த பிறகே தவணை. எனக்கு ஏதேனும் நேர்ந்தால் என் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொண்டோம். பாகப்பிரிவினைக்கு முன்பே மய்யித்தின் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது ஷரீஅத். அதுபோல் வரவேண்டிய கடனும் வாரிசுகளின் சொத்துத்தானே!

இலண்டன் கடிதத்துக்கு மறுப்பு எழுதிய அன்று அவள் அழுதாள் என்பதை மறைக்க மாட்டேன். சமாதானம் சொல்ல என்னிடம் வார்த்தையும் இல்லை. அந்தக் கல்லூரியின் பெரிய காட்சிக்கூடங்களும் அங்கே கிடைத்திருக்கக்கூடிய நட்பும் அவளுக்கு இல்லாமற் போயின. அவை சிறிய இழப்பல்ல. ஆனால் அன்றிரவு இளையவள் அக்காளின் பெட்டியில் தூரிகைகளைத் துணியில் சுற்றி அடுக்கிக் கொண்டிருந்ததைப் பார்த்தேன். வீடு வீடாகவே இருந்தது.

தாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அதட்டாதீர்கள், கணக்கேட்டைத் திறந்து பக்கத்தில் உட்கார வையுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, கட்டணம் மட்டுமா, வாடகையும் வண்ணமும் சேர்த்தா? கல்லூரி எவ்வளவு தள்ளுபடி தருகிறது. அது முதலாண்டுக்கு மட்டுமா, இறுதிவரையிலா? 2015இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், உறுதியளித்த நிதியுதவி மாற்றப்பட்டது என்று கூறி ஓவிய முதுகலையின் முதலாண்டு மாணவர் ஏழு பேரும் ஒருசேர வெளியேறினார்கள். எனவே எதையும் எழுத்தில் பெறுங்கள். அங்கே படித்து முடித்தவர்கள் ஐந்தாண்டு கழித்து இன்னும் வரைகிறார்களா என்று அவர்களிடமே விசாரியுங்கள். கடைசியாக, பிணையாக வைக்கும் சொத்து யாருடையது என்று கேளுங்கள்.

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்வி உதவி என்றால் மருத்துவமும் பொறியியலும் மட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. கலை பயிலும் பிள்ளைக்கும் வட்டியில்லாக் கடனாக ஓரிரு லட்சம் ஒதுக்கினால் ஒரு வீடு அடகிலிருந்து தப்பும்.

பிள்ளைகளின் கைத்திறன் இறைவன் தந்த அமானிதம், வீடும் அப்படித்தான். ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்காத வழியை அல்லாஹ் நம் அனைவருக்கும் எளிதாக்கித் தருவானாக! ஆமீன்.